விழுந்த கல்லுக்கு வேட்டு

ஈரல்பாறையில் கல் முதலில் விழும், வேட்டு மறுநாள்தான் வெடிக்கும். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை என்று அந்த ஊர் முடிவுகட்டி வெகுநாளாகிவிட்டது. ஊருக்கு மேற்கே, ஆட்டு ஈரலின் நிறத்தில் குப்புறப் படுத்துக் கிடந்த பாறையை அறுத்து அறுத்துப் பள்ளமாக்கிய கல்குவாரியில், துளை போடும் மிஷின் ஒருநாள் கருநரம்பு ஒன்றைத் தொட்டது. மையைவிடக் கறுத்து, மாட்டு மூக்கைப் போல ஈரமாகக் குளிர்ந்திருந்த அந்த நரம்பைத் தொட்ட மறுவாரத்தில், வேட்டே வைக்காத ஒரு செவ்வாய்க்கிழமை, சத்தமில்லாத நீல வானத்திலிருந்து கற்கள் வந்து அம்மன் கோயில் ஓட்டிலும், சுயம்புவின் சோளத்தட்டைப் படப்பிலும், பால் சொசைட்டி வாசலில் நின்ற எருமையின் முதுகிலும் விழுந்தன.

ஊர் கம்பெடுத்துக்கொண்டு குவாரிக்குப் போயிற்று. வேட்டு வைக்கிறவன் கொம்பையா. "இன்னைக்கு வேட்டே இல்ல அண்ணாச்சி, துளையில மருந்தே கெட்டிக்கல, வந்து பாருங்க," என்று அவன் கும்பிட்டுக்கொண்டே சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவனுக்கு ஒரு பல் போயிற்று, ஒரு விலா எலும்பு கீறியது. பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி ரத்தினக்கனி, சுத்தியலோடு ஓடிவந்து சுயம்புவின் முழங்காலில் ஒன்று வைத்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

மறுநாள் கொம்பையா வீங்கின வாயோடு விசில் ஊதி, சிவப்புத் துணியை ஆட்டி, "வேட்டேய்… வேட்டு!" என்று கூவித் திரியைப் பற்றவைத்தான். புகை எழுந்தது, கற்கள் எழும்பின, ஒரு பனை உயரம் போனதும் ஊதி அணைத்த விளக்கைப் போல ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. கீழே ஒன்றும் விழவில்லை. ரத்தினக்கனி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, புருசனிடம் மெல்லச் சொன்னாள்: "நேத்து வாங்குனியளே அடி, அதுக்குண்டான வேட்டு இதுதான்."

அப்படித்தான் ஊருக்கு விளங்கியது. விளங்கிய பிறகு ஊர் செய்ததுதான் கதை.

ஒருமுறை, கல் விழுந்து ஒரு கன்றுக்குட்டி செத்தபோது, "இதுக்கு வேட்டு வைக்காதீங்க, வேட்டு இல்லன்னா கல்லு ஏது, கல்லு இல்லன்னா கன்னு பொழைக்கும்லா," என்று கன்றின் சொந்தக்காரன் அழுதான். நியாயம்தானே என்று ஊர் ஒத்துக்கொண்டது. மருந்து கெட்டித்த துளைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் அந்தப் பக்கமாக ஆடு பத்தி வந்த ஒருவன் குத்தவைத்துப் பீடியைச் சுண்டி எறிந்தான். நெருப்பு எத்தனையோ இடத்தில் விழுந்திருக்கலாம், திரியில் விழுந்தது. விசில் இல்லை, கூவல் இல்லை. பள்ளத்துக்குள் லோடு ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு இடுப்புக்குக் கீழே நசுங்கியது. கன்று செத்தது செத்ததுதான். வைக்காத வேட்டு நிற்காது என்று ஊர் அன்றைக்குப் படித்தது. விழுந்த கல்லுக்கு வேட்டு வைத்தே தீர வேண்டும், விசில் ஊதி வைத்தால் ஆள் தப்பும், வைக்காவிட்டால் அது தானாக ஒரு கையைத் தேடிக்கொள்ளும்.

அதற்கப்புறம் கல் விழுவதும் மழை பெய்வது போல ஆகிவிட்டது. விழுந்த கல்லை முன்கல் என்றார்கள்; குவாரிச் சுவரில் இன்னும் உடையாமல் இருக்கும் அதே கல்லைத் தாய்க்கல் என்றார்கள். மறுநாள் வேட்டு வெடிக்கும் வரைக்கும் ஒரே கல் இரண்டு இடத்திலும் இருக்கும், வெடித்த பிறகு ஒன்றுதான். முன்கல்லைத் தொடக் கூடாது, பெண்கள் அதன்மேல் கூடையைக் கவிழ்த்து மஞ்சள் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். வேட்டுச் சத்தம் கேட்டதும் கூடையை எடுத்துவிட்டு, அதைச் சாதாரணக் கல்லாகப் பாவித்து வேலி கட்டவோ கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுக்கவோ எடுத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தலைத் தென்னங்கீற்றுக்குப் பதிலாகப் பலகையில் போட்டார்கள்.

கல்லோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் வேட்டுக்கு முன்னால் கல் வருமென்றால், குற்றத்துக்கு முன்னால் அடியும் வரலாமே என்று முதலில் நினைத்தவன் சுயம்பு. மறுநாள் தன் பெண்டாட்டி தன்னைக் கையாலாகாதவன் என்று சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தோன்றியதாம். முந்தின நாளே அவள் உதட்டைக் கிழித்தான். மறுநாள் அவள் கிழிந்த உதட்டோடு அதையே சொன்னாள், தெருவே கேட்கச் சொன்னாள். "பாத்தியளா," என்று சுயம்பு கையைத் தட்டினான், "அடி முந்தும், குத்தம் பிந்தும்."

அந்தச் சொல் ஊரெல்லாம் பரவிற்று. ஆடு திருடப் போகிறான் என்று ஒருவனைக் கட்டிவைத்துத் தோலை உரித்தார்கள். அவன் மறுநாள் பட்டப்பகலில் ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான், கேட்டவர்களிடம், "அதான் நேத்தே வாங்கிட்டேன்லா, இப்ப ஆட்டத் தாங்க," என்றான். வரப்பை வெட்டப் போகிறான் என்று ஓர் அண்ணன் தன் தம்பியின் காலை உடைத்தான், தம்பி ஆளை வைத்து வரப்பை வெட்டினான். ஒவ்வொரு தடவையும் குற்றம் தவறாமல் வந்து சேர்ந்தது, ஒவ்வொரு தடவையும் ஊர் தலையை ஆட்டியது. மழை பொய்த்தாலும் அது பொய்க்கவில்லை. ஈரல்பாறையில் கட்டுப்போடாத மனிதர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

டவுன் காலேஜில் பிசிக்ஸ் நடத்தும் ஜெபமணி டீச்சர் இதைக் கேள்விப்பட்டு ஸ்கூட்டரில் வந்தது அந்தக் காலத்தில்தான். வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய நிமிடத்தில், புளியங்கொட்டை அளவு முன்கல் ஒன்று வந்து அவள் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தை உடைத்தது. டீச்சர் அழவில்லை, குனிந்து அதைத் தொடப்போனாள், ரத்தினக்கனி கையைப் பிடித்துத் தடுத்து, மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தாள். மறுநாள் வேட்டு வெடிக்கையில் டீச்சர் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சிய கண்ணாடியோடு அண்ணாந்து நின்று, "என் கல்லு, என் கல்லு, அதோ போகுது," என்று குதித்ததைப் பார்த்து ஊருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

டீக்கடைப் பெஞ்சில் வைத்துக் கேட்டார்கள்.

"டீச்சர், இது நடக்கிற காரியமா, நடக்காத காரியமா? படிச்சவுக சொல்லுங்க."

"நாளைக்குள்ள போறது நடக்கிற காரியம்தான்," என்றாள் டீச்சர். "ரொம்ப வேகமா ஓடுற ராக்கெட்டுல ஒரு கடிகாரத்த வச்சா அது நம்ம கடிகாரத்தைவிட மெதுவா ஓடும். அளந்தே பாத்திருக்காங்க. அதுல போயிட்டு எறங்குறவர் நம்மளைவிட ஒரு துளி குறைச்சலா வயசாகி, ஒரு துளி முன்னால குதிச்சிருப்பார்."

"சரி, பின்னால வாறது?"

"அதுதான் கஷ்டம். கணக்கு முடியாதுன்னு அடிச்சுச் சொல்லல. காலமே வளைஞ்சு, போன பாதை போன இடத்துக்கே வந்து முட்டுற மாதிரி கணக்குல வழி இருக்கு. ஆனா அந்த வழி மூடாம இருக்க ஒரு பொருள் வேணும், அப்படி ஒரு பொருளை யாரும் கண்டதில்லை. இயற்கை அந்தக் கதவைப் பூட்டித்தான் வச்சிருக்கும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க."

"எங்க ஊர்ல மட்டும் பூட்டு துருப்பிடிச்சிட்டு போல," என்றான் டீ ஆற்றுகிறவன்.

சுயம்பு முன்னால் வந்தான். "அப்ப நான் பின்னால போயி எங்க தாத்தன வெட்டிட்டு வந்துட்டா இந்தப் பாகப்பிரிவினைச் சண்டையே இருக்காதே டீச்சர்?"

"தாத்தாவை வெட்டிட்டா வெட்டுறதுக்கு நீங்க ஏது?"

"இவன் இல்லாட்டி ஊருக்கு நல்லதுதானே, வெட்டட்டும் விடுங்க," என்று யாரோ சொல்ல, பெஞ்சு குலுங்கிற்று.

சிரிப்பு அடங்கிய பிறகு ரத்தினக்கனி கேட்டாள்: "வந்து விழுந்த கல்ல, வரவிடாமப் பண்ண முடியுமா டீச்சர்?"

"முடியாதும்மா. விழுந்தது விழுந்ததுதான். நீங்க தடுக்கப் போனீங்கன்னா, தடுக்கப் போனதும் சேர்ந்துதான் அந்தக் கல்லு வந்திருக்கும்." பிறகு டீச்சர் உடைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முன்னால வர்றது கல்லுதான். கல்லுல யார் கைன்னு எழுதியிருக்கா? நீங்க ஏன் கைய முந்திக் கண்டுபிடிக்கிறீங்க?"

அதை ஊர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது, மரியாதையாக மறந்தது.

செல்லப்பா செத்தது அதற்கு அடுத்த தைமாசம். வன்னியராசுவின் தம்பி அவன். கல்லு லோடு அடிக்கும் டிராக்டர் அவர்களுடையது. தாயும் தகப்பனும் போன பிறகு அண்ணன்தான் தம்பிக்குச் சோறு பொங்கி, காய்ச்சலுக்குக் கஞ்சி ஊற்றி வளர்த்தான். அவனுக்குப் பெண் பார்க்காமல் தான் கட்டமாட்டேன் என்று நின்றவன். முற்பகலில் செல்லப்பா டிராக்டரின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கொம்பையாவின் வாசலைப் பார்த்து, "மைனி, கருவாட்டுக் குழம்பு வாசம் ஆளத் தூக்குதே, ஒரு தட்டு இங்கன தள்ளுங்க," என்று கத்தினான். ரத்தினக்கனி, "கழுவாத கைக்குக் கருவாடு கேக்குதோ," என்று பதில் கொடுத்துக்கொண்டே தட்டை எடுத்தாள். அவள் வெளியே வந்தபோது அவன் நின்றுகொண்டுதான் இருந்தான், தலைதான் இல்லை. இருந்த இடத்தில் தேங்காய் உடைத்தது போல ஏதோ இருந்தது. கையில் இருந்த குடம் இன்னும் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஊற்றியது. பிறகுதான் அவன் விழுந்தான்.

அந்தக் கல் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு பக்கம் துளையின் பாதி, பிளந்த மூங்கிலைப் போல. நடுவே பூரானாக ஓடிய வெள்ளை நரம்பு. மறுபக்கம் புத்தம் புதிதாகக் கொத்திய தடம், கொத்திய இடமெல்லாம் இரட்டைக் கோடு. கொம்பையா வந்து குனிந்து பார்த்தான். "வேட்டுல பிஞ்ச கல்லுல உளித்தடம் எப்படி வந்துச்சு?" என்றான். அந்த நேரத்தில் அதை யார் கேட்கிறார்கள்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "பொணம் இருக்கு, ஆயுதம் இருக்கு. கொலைகாரன் இன்னும் கொலையே பண்ணலங்கிறீங்க. நான் யாரப் பிடிக்க? நாளைக்கு ஆகட்டும், நாளைக்குப் பாப்போம்." கல்லைச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றினார், உடலை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

உடல் வண்டியில் ஏறுமுன் வன்னியராசு கற்பூரத்தைக் கொளுத்தித் தம்பியின் நெஞ்சுக்கு நேரே பிடித்து, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். "எந்தக் கை நாளைக்கு இந்த வேட்ட வைக்குதோ, அந்தக் கைய எடுப்பேன். அந்தத் தலையையும் எடுப்பேன்." தோல் கருகும் வாடை வந்தது. ஊர் கேட்டு நின்றது, ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஊரில் வேட்டு வைக்கிற கை ஒன்றுதான், அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

பொழுது சாயும்போது வன்னியராசு அரிவாளோடு கொம்பையாவின் வாசலுக்கு வந்தான்.

"எய்யா, நான் நாளைக்கு வைக்க மாட்டேன்," என்றான் கொம்பையா. "எம் புள்ள மாதிரி அவன். நான் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"நீ வைப்ப அண்ணாச்சி. கல்லு வந்திருச்சுல்லா."

"லேய், கோட்டிக்காரா, அவருதான் மாட்டேங்காருல்லா," என்று ரத்தினக்கனி இடையில் விழுந்தாள். அவன் அவளைப் பக்கவாட்டில் தள்ளிய வேகத்தில் கதவு பெயர்ந்தது. கொம்பையா ஓடவில்லை, ஓடினால் முதுகில் விழும் என்று நினைத்தானோ, அல்லது ஊரின் நம்பிக்கை அவனுக்குள்ளும் கொஞ்சம் இருந்ததோ. வலது கையை முன்னால் நீட்டித் தடுத்தான். அரிவாள் மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது. முதல் வெட்டில் போகவில்லை, இரண்டாவதில் போயிற்று. மண்ணில் விழுந்த பிறகும் விரல்கள் எதையோ தேடுவது போல ஒருமுறை மடங்கின.

"கை இன்னைக்கு," என்றான் வன்னியராசு. "தலை நாளைக்கு, சத்தம் கேட்டதும்."

ரத்தினக்கனி கையை எடுத்து ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு, புருசனை ஆட்டோவில் கிடத்தி டவுனுக்குக் கொண்டுபோனாள். எலும்பு நொறுங்கிப் போயிருக்கிறது, ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கீழே சவக்கிடங்கில் செல்லப்பா, மாடியில் கொம்பையா. எதிரே டீக்கடையில் வன்னியராசுவின் சித்தப்பா மகன்கள் உடலுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி உட்கார்ந்திருந்தார்கள், மேசைமேல் போன், காலடியில் அரிவாள் பொதிந்த சாக்குச் சுருள். ஊரில் வேட்டுச் சத்தம் கேட்டதும் போன் வரும். போன் வந்ததும் மாடி ஏறுவார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், அவர்கள் அவளைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார்கள், குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. கல் ஸ்டேஷனில் சாக்குக்குள் இருக்கிறது. தாய்க்கல் இன்னும் பாறையில் இருக்கிறது. தாய்க்கல்லை வேட்டுக்கு முன்னால் உளியால் பெயர்த்து எடுத்துவிட்டால், பறக்கிறதுக்குக் கல்லே இருக்காது. கல் பறக்காவிட்டால் செல்லப்பா சாகவில்லை, செல்லப்பா சாகாவிட்டால் இந்தக் கை விழவில்லை, நாளைக்கு விழப்போகும் தலையும் விழாது. டீச்சர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. வந்ததை அவள் ஒதுக்கினாள். புருசன் தலை போகாத ஒருத்திக்கு அதெல்லாம் சொல்வது எளிது.

தங்கச்சியை ஆஸ்பத்திரியில் காவல் வைத்துவிட்டு, பொழுது விடியும்போது அவள் பள்ளத்துக்குள் இறங்கினாள். அன்றைக்குக் குவாரியில் ஒரு ஆள் கிடையாது. வேட்டு தானாகக் கை தேடும் நாள் என்று ஊர் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. கொம்பையா முந்தின நாள் காலையிலேயே மருந்து கெட்டித்து மண் அடைத்து வைத்திருந்த துளைகள் சுவரில் வரிசையாகத் தெரிந்தன. வெள்ளைப் பூரான் ஓடும் கல்லைக் கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. அது ஒரு துளையை ஒட்டியே இருந்தது. மருந்துக்குப் பக்கத்தில் சம்மட்டி போடுவது சாவு என்று வேட்டுக்காரன் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் விரிசலில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, வீட்டிலிருந்த பழைய உளியை வைத்து, துளைக்கு மறுபக்கமாக, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போலச் சிறு சுத்தியலால் தட்டினாள். வெயில் ஏறியது. கல் அசையவில்லை. அவள் தட்டினாள்.

"மைனி, கீழ எறங்கு."

வன்னியராசு நின்றான், கையில் அரிவாள், சட்டையில் காய்ந்த ரத்தம். கை போன கொம்பையாவுக்காக யார் வந்து திரி பற்றவைக்கப் போகிறார்கள் என்று பார்க்க வந்தவன்.

"எறங்க மாட்டேன். வேணும்னா இங்கனயே வெட்டு."

"என்ன செய்யுத?"

"உன் தம்பியக் கொன்ன கல்லு இதுதான். இத எடுத்துப் போடுதேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கல்லு பறக்கலன்னா அவன் செத்திருக்க மாட்டான்லா. கொஞ்சம் யோசிச்சுப் பாருல. நேத்து கருவாட்டுக் குழம்பு கேட்டான். தட்டு கையில இருந்துச்சு."

அவன் முகத்தில் அதுவரைக்கும் இருந்த முகம் கழன்று விழுந்தது. தம்பிக்குக் காய்ச்சல் கண்ட நாளில் அவன் வைத்தியர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றானாம், அதே பார்வை. "வந்துருவானா, மைனி?" என்றான்.

"எனக்குத் தெரியாது."

அரிவாள் கீழே விழுந்தது. சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து ஒரு பாறையிடுக்கில் வைத்துவிட்டு, லோடு ஏற்றுகிறவர்கள் விட்டுப்போன சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். "நீ தட்டுறதுக்குச் சாயங்காலம் ஆயிரும். தள்ளு. அந்தப் பாறைக்குப் பின்னால போ, சில்லு தெறிக்கும்."

"மெதுவாத் தட்டுல, பக்கத்துல மருந்து இருக்கு. அந்தப் பக்கம் போடாத."

"தெரியும், தெரியும்."

அவள் பெரிய பாறைக்குப் பின்னால் போனாள். விரிசலில் நின்ற உளியின் தலையில் அவன் முதல் அடியைப் போட்டான், கல் நெளிந்தது. இரண்டாவது அடி, ஒரு விரல் அளவுக்கு வெளியே வந்தது. அவன் சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான், "வாறான், மைனி, வாறான்!" என்று கூவினான். அப்போது வெயில் பக்கவாட்டில் விழ, அதுவரை தான் தட்டிக் கொத்திய இடம் பாறை ஓரமாக எட்டிப்பார்த்த அவள் கண்ணுக்குத் தெரிந்தது. உளி முனையில் ஓரமாக ஒரு சில்லு போயிருந்தது, பல வருசமாகவே போயிருந்தது. அது கொத்திய இடமெல்லாம் இரட்டைக் கோடு. செல்லப்பா செத்த இடத்தில் டிராக்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த கல்லில் பார்த்த அதே இரட்டைக் கோடு, அதே சாய்வு, அதே வரிசை.

"நிறுத்துல!" என்று அலறினாள்.

சம்மட்டி மேலே போயிருந்தது. மேலே போனது கீழே வந்துதான் ஆகவேண்டும். அவசரத்தில் உளியை விட்டு வழுக்கி, அது துளையின் வாயில் இறங்கியது.

சத்தத்தை அவள் கேட்கவில்லை, உடம்பில் வாங்கினாள். புகை விலகியபோது கல் ஏறிக்கொண்டிருந்தது, வெள்ளைப் பூரான் வெயிலில் மின்ன, துளையின் பாதியைச் சுமந்துகொண்டு, அவள் கொத்திய தடத்தைச் சுமந்துகொண்டு. ஒரு பனை உயரம் போயிற்று, அங்கிருந்து நேற்றைக்குள் போயிற்று.

வன்னியராசு பள்ளத்துத் தண்ணீரில் கிடந்தான். மருந்து மேல்நோக்கிச் சீறியதால் உயிர் இருந்தது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்தது, வலது கை உடைந்த சம்மட்டிக் காம்பை இன்னும் பிடித்திருந்தது. அவள் அவனைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டாள். அதற்குள் பாறையிடுக்கில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணே, ஊர்ல வேட்டு வெடிச்சிருச்சாம். கொம்பையா மாடியிலதான் கெடக்கான். ஏறவா?"

போனை ஒரு கையிலும், கீழே கிடந்த அரிவாளை மறுகையிலும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. போனைக் காட்டினாள், மாடிப்படி ஏறுவது போல விரலால் காட்டினாள், தன் கழுத்தில் அரிவாளை வைத்துக் காட்டினாள். அவன் பார்த்தான். பிறகு கையிலிருந்த சம்மட்டிக் காம்பைப் பார்த்தான். பாறையில் கல் இருந்த குழியைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டிப் படிப்பவனைப் போல, அவன் படித்து முடித்தான். அவள் போனை அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"ஏறாதிய," என்றான், தனக்கே கேட்காத குரலில், பள்ளம் முழுக்க எதிரொலிக்கும்படி. "வேட்டு வச்சது நான்தாம்ல. நான்தான்… தம்பிய நான்தாம்ல…"

மறுமுனையில் போனை வைத்தார்கள், மாடி ஏறவில்லை.

செல்லப்பாவைப் புதைத்தார்கள். சத்தியம் மட்டும் புதைபடாமல் கிடந்தது. பங்காளிகள் கூடினார்கள், எந்தக் கை வேட்டு வைத்ததோ அந்தக் கையை எடுப்பேன் என்று அணைத்த கற்பூரம், யார் கை என்பதற்காக மாறுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சொந்த ரத்தத்தை வெட்ட யாருக்கும் கை வரவில்லை. தலையைத் தம்பியின் சாவோடு கழித்துக்கொள்ளலாம், கை மட்டும் கொம்பையா வீட்டுக்குச் சேரவேண்டியது, அதை எடுக்க வேண்டியவள் ரத்தினக்கனி என்று கடைசியில் முடிவாயிற்று.

கொம்பையா கட்டோடு வீடு திரும்பிய மறுநாள் காலையில் வன்னியராசு வந்தான். பின்னால் ஊரே வந்தது. வாசலில் அவள் ஜல்லி உடைக்கும் கல்லின்மேல் வலது கையை நீட்டி வைத்து, அன்றைக்கு அவள் எடுத்துக்கொண்டு வந்த தன் அரிவாள் கூரை எரவாணத்தில் செருகியிருப்பதை இடது கையால் சுட்டிக்காட்டினான்.

"வெட்டு, ரத்தினக்கனி," என்றான் சுயம்பு. "அடி முந்தும்னு நான் சொன்னேன்லா. உன் புருசனுக்கு விழுந்த வெட்டு இவன் செஞ்சதுக்குத்தான். முந்தி விழுந்துட்டு, என்ன, வாசல் மாறி விழுந்துட்டு. கணக்க நேராக்கு."

அவள் அரிவாளை உருவினாள். முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தாள். கூட்டத்திலிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஆண்கள் கழுத்தை நீட்டினார்கள். கொம்பையா உள்ளே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கல்லின்மேல் கிடந்த அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அது தன்னுடையது போல. அவளுக்கு வெட்ட வேண்டும் என்று இருந்தது. அது பொய்யில்லை; தோள்பட்டையிலிருந்து விரல்நுனிவரை அந்த ஆசை வலித்தது. அரிவாளை ஓங்கினாள். ஓங்கிய இடத்திலேயே நின்றாள், சம்மட்டி மேலே போயிருந்த அந்தக் கணம் அவளுக்குள் மறுபடியும் நின்றது.

பிறகு, காது போய்விட்ட அவனுக்கு அரிவாளால் சூரியனைக் காட்டினாள். அதை மேற்கே கொண்டுபோய், பூமிக்கு அடியில் சுற்றி, மறுபடியும் கிழக்கே கொண்டுவந்தாள்.

வன்னியராசு புரிந்துகொண்டான். நாளைக்கு. கையை எடுத்துக்கொண்டு போனான்.

"என்ன இது, இன்னைக்கு இல்லையா?" என்று சுயம்பு கத்தினான்.

"இந்த ஊர்ல எல்லாம் ஒருநாள் முந்தி வந்துச்சு," என்றாள். "இது ஒண்ணு ஒருநாள் பிந்தி வரட்டும்."

மறுநாள் அவன் வந்து கையை வைத்தான். அவள் சூரியனைச் சுற்றிக் காட்டினாள். அதற்கு மறுநாளும் வந்தான். மழையிலும் வந்தான், கோயில் கொடைத் திருவிழாவன்றும் வந்தான், கல்யாணமாகித் தாலிகட்டிய மஞ்சள் காயாமலும் வந்தான். கையை வைப்பான், அவள் முகத்தைப் பார்ப்பான், அவள் காட்டுவாள், எடுத்துக்கொண்டு டிராக்டருக்குப் போவான். முதலில் ஊர் கூடி வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிப்போயிற்று, பிறகு அந்த வாசலைக் கடந்து நாளைக்குரிய அடியைக் கொடுக்கக் கம்போடு போகிறவர்களுக்கு நடை கொஞ்சம் தளர்ந்தது. சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் போய் அடித்தார்கள். சுயம்புகூட ஒருநாள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தான், மறுநாள் அவன் பெண்டாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதற்காகக் கோபப்பட்டான். கற்கள் வேட்டுக்குப் பிறகே விழத் தொடங்கின. கருநரம்பு தீர்ந்துபோனதால்தான் என்று குவாரிக்காரர்கள் சொன்னார்கள், அந்தக் கதவு எப்போதாவது மூடத்தான் வேண்டும் என்று ஜெபமணி டீச்சர் சொன்னாள்.

"ஏட்டி, எத்தன நாளைக்கு இப்படி?" என்று கொம்பையா ஒருநாள் கேட்டான். தலை நரைத்திருந்தது அவனுக்கு.

"நாளைக்கு வரைக்கும்," என்றாள்.

வன்னியராசுவின் கை இன்னும் அவன் தோளிலேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ரத்தினக்கனி வாசலில் உட்கார்ந்து, அவன் கை வைக்கும் அந்தக் கல்லிலேயே தண்ணீர் விட்டு, அரிவாளைத் தீட்டிவைக்கிறாள்.